160 ஏக்கரின் வில்லங்கம்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஓமஹாவில் வீடு வாங்கிய செய்தியை ஊருக்குச் சொன்னபோது அப்பா முதலில் விலையைக் கேட்கவில்லை. "மூலப்பத்திரம் பார்த்தியா தம்பி? வில்லங்கம் எத்தனை வருஷத்துக்குப் போட்ட?" என்றார். தாலுகா அலுவலகத்தில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேறு எப்படிக் கேட்பார்?

இங்கே அதையெல்லாம் டைட்டில் கம்பெனி பார்த்துக்கொள்ளும், நாளைக்கு ஏதாவது வந்தால் சரிக்கட்ட ஒரு இன்ஷூரன்ஸும் உண்டு என்றேன். "கம்பெனிக்காரன் பார்த்தது சரி, நீ பார்த்தியா?"

பார்க்கவில்லை. அன்று ராத்திரி பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனை எண்ணுக்கு அப்புறம் ஒரு வரி இருந்தது. இன்ன செக்‌ஷனின் வடகிழக்குக் கால்பாகம், இன்ன டவுன்ஷிப், இன்ன ரேஞ்ச். நம் ஊர் சர்வே எண் மாதிரி. எங்கள் தெருவுக்கு வயது 20 இருக்கும். அந்த வரிக்கு வயது 170ஐ நெருங்குகிறது. தெரு வருவதற்கு ரொம்ப முன்னால், சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வந்த சர்வேயர்கள் புல்வெளி மீது போட்டுவிட்டுப் போன கோடு அது. 66 அடிச் சங்கிலி, 100 லிங்க். அப்பாவின் காலத்தில் நம் ஊர்ப் புலப்படங்களில் இருந்த அதே கணக்கு.

நெப்ராஸ்காவின் கிராமத்துச் சாலைகளில் கார் ஓட்டினால் அந்தக் கோடு கண்ணுக்கே தெரியும். சரளைக்கல் சாலை நூல் பிடித்தாற்போல் போகும். மைலுக்கு ஒரு குறுக்குச் சாலை. ஓடை வளைந்தால் சாலையும் வளையும் என்ற நம் ஊர்ப் பழக்கம் இங்கே இல்லை. ஓடைதான் பாலத்துக்கு அடியில் நுழைந்து போயாக வேண்டும். ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரம் என்றால் 640 ஏக்கர், அதுதான் ஒரு செக்‌ஷன். அதில் கால்பாகம் 160 ஏக்கர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி அமெரிக்காவை ஒரே எண்ணில் சொல்லச் சொன்னால் நான் இந்த 160ஐத்தான் சொல்வேன்.

அதிபர் லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்துப் போட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், குடும்பத் தலைவராகவோ 21 வயது நிரம்பியவராகவோ இருக்கும் யாருக்கும் 160 ஏக்கர் என்றது. அரசுக்கு எதிராக ஆயுதம் எடுத்திருக்கக் கூடாது. ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் வைத்தால் பட்டா. கல்யாணமாகாத பெண்ணும் கேட்கலாம். மொத்தக் கட்டணம் 18 டாலர். இதை அப்பாவிடம் சொன்னேன். "160 ஏக்கரா? அது ஒரு ஊருடா! நம்ம பக்கம் உச்சவரம்பே ஒரு குடும்பத்துக்கு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர்தான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "18 டாலர் சரி. அப்புறம் எவ்வளவு ஆச்சாம்?" என்றார். தாலுகா ஆபீஸ் மூளை. நான் மாதக்கணக்கில் படித்துப் பிடித்த இடத்தை ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார்.

சட்டப்படி நிலம் வாங்கிய முதல் ஆள் என்று சொல்லிக்கொண்ட டேனியல் ஃப்ரீமனின் 160 ஏக்கர், எங்கள் வீட்டிலிருந்து தெற்கே, பியாட்ரிஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. (எழுத்தைப் பார்த்து 'பீட்ரிஸ்' என்றால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள், 'பி-யாட்-ரிஸ்' என்று நடு அசையை அழுத்த வேண்டும்.) 1863 ஜனவரி 1, சட்டம் அமலுக்கு வந்த நாள். பிரவுன்வில் நில அலுவலகத்தின் அதிகாரியை எப்படியோ சம்மதிக்க வைத்து, நள்ளிரவு தாண்டியதும் அலுவலகத்தைத் திறக்கச் செய்து பதிந்துகொண்டார் என்பது கதை. அந்த நிலம் இன்று தேசிய வரலாற்றுப் பூங்கா.

பூங்காவின் கட்டடத்துக்குப் போகும் வழியில் உலோகத் தகட்டு வரைபடங்கள் வரிசையாக நிற்கின்றன. சட்டம் நடைமுறையில் இருந்த 30 மாநிலங்களுக்கும் ஒவ்வொன்று. எந்த மாநிலத்தில் எவ்வளவு பங்கு நிலம் இப்படிக் கொடுக்கப்பட்டதோ அந்த அளவுக்குத் தகட்டில் ஓட்டை வெட்டியிருக்கிறார்கள். நெப்ராஸ்கா தகட்டில் ஏறக்குறைய பாதி ஓட்டை. 45 சதவீதம், வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. என் பெண் அதற்குள் கையை விட்டு அந்தப் பக்கம் இருந்த அம்மாவுக்கு டாட்டா காட்டினாள்.

அப்படியே நடந்தால் ஒரு மரக்குடில். 1867இல் கட்டியது, 14 அடிக்கு 16 அடி. அதில் 10 பிள்ளைகள் வளர்ந்தார்கள். எங்கள் வீட்டு ஹாலைவிடச் சின்னது. ஆனாலும் அந்தக் குடும்பம் கொடுத்துவைத்தது, ஏனென்றால் ஓடைக்கரையில் அதற்கு மரம் கிடைத்தது. இன்னும் மேற்கே போனவர்களுக்கு மரமே கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை புல். அவர்கள் அந்தப் புல்லையே வீடாக்கினார்கள். புல்வேர் மண்ணை விடாமல் பின்னிப் பிடித்திருக்கும் மேல்தரையை ஏரால் பாளம் பாளமாக அறுத்து, மூன்றடி நீளத்துக்கு வெட்டி, புல் பக்கம் கீழே இருக்கும்படி செங்கல் போல அடுக்குவது. அதற்குக் கேலியாக 'நெப்ராஸ்கா பளிங்கு' என்று பெயர் வைத்தார்கள். கோடையில் குளிர்ச்சி, குளிரில் கதகதப்பு. மழை பெய்தால் மட்டும் வெளியே நின்ற பிறகும் உள்ளே இரண்டு நாள் ஒழுகும். கூரையிலிருந்து மண்ணும் சில சமயம் பாம்பும் குழம்புச் சட்டியில் விழாமல் இருக்க, அடியில் துணி கட்டுவார்கள். விறகுக்கு எங்கே போவது? காட்டெருமைச் சாணம்தான், காய்ந்தது. நம்ம ஊர் வரட்டி! தட்டும் வேலைகூட இல்லை, கோணியை எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்கி வரவேண்டியதுதான். எருமை தீர்ந்த பிறகு வைக்கோலை முறுக்கி எரித்தார்கள்.

இந்த மண்வீட்டுக்காரர்களை சாலமன் புட்சர் என்பவர் 1886லிருந்து கஸ்டர் மாவட்டம் முழுக்க வண்டி கட்டிக்கொண்டு போய்ப் படம் பிடித்தார். அவரே நிலம் எடுத்துப் பார்த்து, சரிவராமல் விட்டவர். அந்தப் படங்களில் ஒன்றை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். வெட்டவெளியில், தொழுவத்தின் பக்கம், ஒரு ஆர்கன் பெட்டி நிற்கிறது. பெடலை மிதித்து வாசிக்கும் பெரிய மரப்பெட்டி. அதைச் சுற்றிக் குடும்பமே நிற்கிறது. வீடு படத்தில் இல்லை. கிழக்கே இருக்கும் சொந்தக்காரர்கள் பார்க்கப் போகிற படத்தில் மண்வீடு விழக் கூடாது என்று அந்த வீட்டு அம்மா சொல்லிவிட்டாராம். ஆனால் ஆர்கன் இருப்பது தெரிந்தாக வேண்டும். தூக்கி வெளியே கொண்டுவந்து வைத்து, படம் முடிந்ததும் திரும்ப உள்ளே தூக்கினார்கள். துபாய்க்குப் போனவர் முதலாளியின் கார் பக்கத்தில் நின்று அனுப்பிய படம் எங்கள் பெரியப்பா வீட்டுச் சுவரில் இருந்தது. அதே மனசு.

அந்த ஆர்கனைப் பார்க்கும்போதுதான் அப்பாவின் கேள்வி உறைக்கிறது. மண் அங்கேயே கிடைத்தது, சரி. ஆர்கன்? ஜன்னல் கண்ணாடி? கொழு? அடுப்பு? தையல் மெஷின்? இவை எதுவும் புல்வெளியில் முளைக்கவில்லை, எல்லாம் ரயிலேறி வந்தவை. தன்னந்தனியாக இயற்கையோடு மல்லுக்கட்டிய குடியானவன் என்று அமெரிக்கர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையை நான் நம்பாமல் போனதற்கு இந்தப் படம் ஒரு காரணம். அவன் தனியாளே இல்லை. அவனுக்குப் பின்னால் சிகாகோவின் தொழிற்சாலைகளும், ரயில் கம்பெனிகளும், நியூயார்க்கின் அடமானப் பணமும் நின்றன. இலினாய்ஸ்காரர் ஜோசப் கிளிடன் 1874இல் காப்புரிமை வாங்கிய முள்கம்பி, மரமில்லாத நாட்டுக்கு வேலி கொடுத்தது. ஆறேழு வருடத்தில் கோடிக்கணக்கான பவுண்டு கம்பி விற்றது. சிகாகோவில் 1872இல் மான்ட்கோமரி வார்டு ஒரே ஒரு தாளில் 163 சாமான்களின் விலையை அச்சடித்து விவசாயிகளுக்குத் தபாலில் அனுப்பத் தொடங்கினார். மண்வீட்டில் உட்கார்ந்து விரலால் தடவித் தடவி ஆர்டர் போட்டார்கள். இவர்கள் வாங்கியதால் அந்தப் பட்டறைகள் பெருத்தன, பட்டறைகள் பெருத்ததால் இவர்களால் புல்வெளியில் தாக்குப்பிடிக்க முடிந்தது.

ரயிலுக்கு வருவோம். ஹோம்ஸ்டெட் சட்டம் வந்த ஆறு வாரத்தில், 1862 ஜூலை 1 அன்று, அதே லிங்கன் பசிபிக் ரயில்வே சட்டத்திலும் கையெழுத்துப் போட்டார். பாதை போடும் கம்பெனிக்கு, போடும் ஒவ்வொரு மைலுக்கும் இருபுறமும் ஒரு சதுரம் விட்டு ஒரு சதுரமாக 10 செக்‌ஷன். 1864இல் அது 20 ஆனது. 20 செக்‌ஷன் என்றால் 12,800 ஏக்கர், ஒரு மைல் தண்டவாளத்துக்கு! வரைபடத்தில் சதுரங்கப் பலகை மாதிரியே இருக்கும். நாடு முழுக்கக் கணக்குப் பார்த்தால் மத்திய அரசு ரயில் கம்பெனிகளுக்குக் கொடுத்தது சுமார் 13 கோடி ஏக்கர். ஹோம்ஸ்டெட் வழியாக 100 வருடத்துக்கு மேல் போனது 27 கோடி ஏக்கர், 16 லட்சம் பட்டா. 'இலவச' நிலம் பெரும்பாலும் தண்டவாளத்திலிருந்து தள்ளியிருக்கும். விளைந்ததை விற்க ஸ்டேஷன் பக்கமாக வேண்டும் என்றால் கம்பெனியிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

கம்பெனிக்கு நிலம் விற்பதைவிட முக்கியமான ஒன்று இருந்தது. ஆளில்லாத இடத்தில் ரயில் விட்டால் எதை ஏற்றுவது? அதனால் ஆள் பிடித்தார்கள். பர்லிங்டன் கம்பெனியின் 1872ஆம் வருடச் சுவரொட்டி புகழ்பெற்றது: லட்சோபலட்சம் ஏக்கர், 10 வருடக் கடன், 6 சதவீத வட்டி. ஐரோப்பாவின் பல மொழிகளில் நோட்டீஸ், துறைமுகங்களில் முகவர்கள். சான்டா ஃபே கம்பெனி 1874இல் ரஷ்யப் பேரரசிலிருந்து ஜெர்மன் பேசும் மென்னனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்களைக் கூட்டங்கூட்டமாகக் கான்சஸுக்கு அழைத்துவந்தது. அவர்களோடு வந்த 'டர்க்கி ரெட்' என்ற குளிர்காலக் கோதுமை அந்த நாட்டின் தலையெழுத்தையே மாற்றியது. நார்தர்ன் பசிபிக் கம்பெனி ஜெர்மானியர் முதலீட்டைக் குறிவைத்து ஒரு ஊருக்கு பிஸ்மார்க் என்றே பெயர் வைத்தது. இன்றைக்கு அது வடக்கு டகோடாவின் தலைநகரம்.

ஊர்ப் பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கத்துப் பர்லிங்டன் பாதையில் கிரீட், டார்செஸ்டர், எக்ஸிட்டர், ஃபேர்மான்ட், கிராஃப்டன், ஹார்வர்ட், இன்லேண்ட், ஜூனியாட்டா, கெனிசா என்று ஊர்கள் வரும். ஆங்கில எழுத்து வரிசையைக் கவனியுங்கள்: சி, டி, இ, எஃப், ஜி, எச், ஐ, ஜே, கே. ஊர் வந்து ஸ்டேஷன் வரவில்லை. சில மைலுக்கு ஒரு ஸ்டேஷன் குறித்து, அகரவரிசையில் பெயர் வைத்து, அப்புறம் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பெட்டிக்கு நம்பர் போடுவது மாதிரி ஊருக்குப் பெயர்.

நெப்ராஸ்காவில் 1860இல் எண்ணப்பட்டவர்கள் 28,841 பேர். 1890இல் 10 லட்சத்தைத் தாண்டியது. செக், ஸ்வீடிஷ், ஜெர்மன், ஐரிஷ், போலிஷ். இறங்கியவர்கள் எல்லோரும் மண்ணுக்குப் போகவில்லை. தெற்கு ஓமஹாவில் 1880களில் கால்நடைச் சந்தையும் இறைச்சித் தொழிற்சாலைகளும் எழுந்தபோது செக்காரர்களும் போலந்துக்காரர்களும் அங்கே கத்தி பிடித்தார்கள்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. சட்டத்தின்படி நிலம் கேட்க அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. 'ஆக விரும்புகிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் போதும். பட்டா வாங்குவதற்குள் ஆகிவிட வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் பல வருடமாக நிற்கும் எனக்கு இதைப் படித்தபோது வயிறு எரிந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் எரிச்சல் அடங்கிவிட்டது. குடிமகனாக விண்ணப்பிக்கவே வெள்ளையராக இருக்க வேண்டும் என்பது 1790லிருந்து சட்டம். 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்தார்கள், ஆசியர்களை அல்ல. மேற்கேயிருந்து மலையைக் குடைந்து பாதை போட்ட ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களுக்கு, தாங்கள் போட்ட பாதையின் ஓரத்தில் 160 ஏக்கர் கேட்க வழியில்லை. 1867இல் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். சென்ட்ரல் பசிபிக் கம்பெனி மலைமேல் சாப்பாடு போவதை நிறுத்தியது, ஒரு வாரத்தில் முடிந்தது. 1869 ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் 10 மைல் தண்டவாளம் போட்டுச் சாதனை செய்தபோது, தண்டவாளம் தூக்கிய எட்டு ஐரிஷ்காரர்களின் பெயர்களை எழுதி வைத்தார்கள். கூட உழைத்த சீனர்கள் ஒருவர் பெயரும் இல்லை. 1882இல் சீனத் தொழிலாளர் வரவே தடைச் சட்டம் வந்தது. இந்தியர்கள் வெள்ளையர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் பகத் சிங் திண்டு வழக்கில் சொன்னது 1923இல். ஆக, பிரவுன்வில் அலுவலக வாசலில் நான் போய் நின்றிருந்தால் கதவைச் சாத்தியிருப்பார்கள். என்னிடம் 18 டாலர் இருந்திருந்தாலும்.

சரி, உள்ளே போனவர்கள் என்ன ஆனார்கள்? 160 ஏக்கர் என்பது கிழக்கே, மழை பெய்யும் நாட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கு. நெப்ராஸ்காவின் நடுவே கோசாட் என்ற ஊர் வழியாக 100ஆம் தீர்க்கரேகை போகிறது. அதற்கு மேற்கே மானாவாரி என்பது சூதாட்டம். நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் 1878லேயே அரசுக்கு அறிக்கை கொடுத்தார்: வறண்ட பகுதியில் பாசனம் இருந்தால் 80 ஏக்கர் போதும், மேய்ச்சல் என்றால் 2,560 ஏக்கர் வேண்டும், 160 என்பது இரண்டுக்கும் உதவாது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'ஏர் போகும் இடத்துக்கு மழை பின்னால் வரும்' என்று நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பேராசிரியர் சாமுவேல் ஆகி என்பவரும், நிலத்தைப் புகழ்ந்து எழுதிவந்த சார்லஸ் டேனா வில்பரும் சொன்னார்கள். உழுதால் மண் ஈரத்தை உறிஞ்சி வானத்துக்குத் திருப்பிக் கொடுக்குமாம். அந்தச் சில வருடங்கள் நிஜமாகவே நல்ல மழை. நம்பாமல் என்ன செய்வார்கள்?

அதற்கு முன்பே, 1874இல், வெட்டுக்கிளி. சூரியனை மறைத்துக்கொண்டு வந்தன என்கிறார்கள். பயிரைத் தின்று, தோட்டத்தை மூடிய போர்வையைத் தின்று, வியர்வை உப்புக்காகக் கருவிகளின் மரப்பிடியையும் கடித்தன. அந்த இனம் 1902க்குப் பிறகு உயிரோடு யார் கண்ணிலும் படவில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். முட்டையிட்ட ஆற்றுப் படுகைகளைக் குடியேறிகளே உழுது அழித்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். 1890இலும் 1894இலும் வறட்சி. மழையைவிடக் கொடுமை விலை. 1881இல் ஒரு டாலரைத் தாண்டியிருந்த ஒரு புஷல் (சுமார் 27 கிலோ) கோதுமை 1894இல் அரை டாலருக்கு வந்தது. ரயில் கட்டணம் இறங்கவில்லை என்று விவசாயிகள் கொதித்தார்கள். தானியக் கிடங்கும் பல இடங்களில் கம்பெனியின் ஆட்கள் கையில். பட்டா கையில் வந்ததும் பலர் செய்த முதல் காரியம் அதை அடமானம் வைத்தது. 1892 ஜூலை 4, எங்கள் ஓமஹாவில்தான் அவர்கள் கூடி, ரயிலை அரசே எடுத்து நடத்த வேண்டும் என்று மக்கள் கட்சியின் திட்டத்தை நிறைவேற்றினார்கள். அந்தத் தேர்தலில் அவர்களுடைய வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் 10 லட்சம் வாக்குக்கு மேல் வாங்கினார். ஜெயிக்கவில்லை. யூனியன் பசிபிக் ரயில் கம்பெனியின் தலைமையகம் இன்றும் ஓமஹா நடுவில் கண்ணாடிக் கட்டடமாக மின்னுகிறது. கூடிய இடத்தில் ஏதாவது கல்வெட்டு இருக்கிறதா என்று ஒரு ஞாயிறு தேடிப் போனேன், என் கண்ணில் படவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வாங்கியவர் தரப்பு. பியாட்ரிஸ் பக்கம் ஓட்டோ-மிசூரியா என்ற பழங்குடி மக்களின் நாடு. 1854இல் ஒப்பந்தம் போட்டுப் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு, பிக் புளூ ஆற்றங்கரையில் ஒரு துண்டை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். பிறகு அந்தத் துண்டும் விலைக்குப் போய், 1881இல் அவர்கள் ஓக்லஹோமாவுக்குப் போக வேண்டியதாயிற்று. வடக்கே பொன்கா மக்களை 1877இல் ராணுவம் வைத்துக் கிளப்பினார்கள். போன இடத்தில் தலைவர் ஸ்டாண்டிங் பேரின் மகன் செத்துப்போனான். சொந்த மண்ணில் புதைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்ததால், எலும்புகளை எடுத்துக்கொண்டு சுமார் 30 பேரோடு கடுங்குளிரில் வடக்கே நடந்தார். பிடித்து ஓமஹா கோட்டையில் வைத்தார்கள். அந்தக் கோட்டை வளாகத்தில் இன்று கல்லூரி நடக்கிறது. 1879 மே மாதம் நீதிமன்றத்தில் கையை நீட்டி, இது உங்கள் கை நிறம் இல்லை, ஆனால் குத்தினால் வலிக்கும், வரும் ரத்தம் ஒரே நிறம் என்று பேசினார். செவ்விந்தியனும் சட்டத்தின் பார்வையில் ஒரு 'நபர்' என்று நீதிபதி டண்டி தீர்ப்பளித்தார். அதைத் தீர்ப்பு எழுதித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

1887இல் டாஸ் சட்டம் வந்தது. பழங்குடிகளின் பொதுநிலத்தைப் பிரித்துக் குடும்பத் தலைவருக்கு இவ்வளவு, மிச்சம் விற்பனைக்கு. அந்த 'இவ்வளவு' எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 160 ஏக்கர். 13.8 கோடி ஏக்கராக இருந்த அவர்கள் நிலம் 1934இல் 4.8 கோடி ஆகியிருந்தது.

போன மாதம் ஒரு வழியாக எங்கள் மனையின் மூலத்துக்குப் போனேன். அரசு நில ஆவணங்களை இப்போது இணையத்தில் வைத்திருக்கிறார்கள். செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் எண்ணைத் தட்டினால் முதல் பட்டாவின் நகலே வந்துவிடும். எங்கள் கால்பாகம் 1860. ஹோம்ஸ்டெட் சட்டத்துக்கு முந்தியது, பழைய போர்வீரர்களுக்குச் சம்மானமாகக் கொடுத்த நில வாரண்ட். 1812 போரில் சண்டை போட்ட ஒரு சிப்பாயின் விதவைக்குக் கொடுத்தது. அந்த அம்மா இந்தப் பக்கம் வந்ததாகவே தெரியவில்லை. வாரண்டை யாருக்கோ விற்றிருக்கிறார். பட்டா அந்த யாரோவின் பெயரில்.

அப்பாவுக்கு வீடியோவில் திரையைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். மோட்டா எழுத்தில் மேலே 'அமெரிக்க ஐக்கிய நாடுகள்'.

"எழுதிக் கொடுத்தது கவர்மென்ட்டு. சரி. கவர்மென்ட்டுக்கு யார் எழுதிக் கொடுத்தா?"

"1854 மார்ச்சுல ஒரு ஒப்பந்தம்ப்பா. ஓமஹா ஜனங்களோட தலைவருங்க வாஷிங்டனுக்குப் போய்ப் போட்டுக் கொடுத்திருக்காங்க. ஊருக்கே அவங்க பேருதான்."

"கையெழுத்தா, கைநாட்டா?"

அதையும் திறந்து காட்டினேன். பெயருக்குப் பக்கத்தில் பெயருக்குப் பக்கத்தில், எல்லாமே பெருக்கல் குறி.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரு படிச்சுக் காட்டினான்னு ஒரு வரி எழுதியிருப்பாங்களே, கீழ பாரு" என்றார்.